கூரையில்லாத பச்சைக் கார்

தண்ணீரில் நனைத்த சாண்ட் பேப்பர் இரும்புத் தகட்டின்மேல் ஓடும் ஓசை, பக்கத்து அறையில் யாரோ நிதானமாகப் பல் துலக்குவதுபோல இருக்கும். என் பதினோராவது வயதிலிருந்து பதினான்காவது வயது வரையான மூன்று குளிர்காலங்களில், பின்னேரம் நான்கு மணிக்கே இருட்டிவிடும் டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில், எங்கள் வீட்டுக் கராஜிலிருந்து அந்த ஓசை வந்துகொண்டே இருந்தது. கூடவே பெயின்ற் கரைக்கிற தின்னரின் மணமும் வந்தது. கராஜுக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு கதவுதான் என்பதால் அந்த மணம் அம்மாவின் மீன்குழம்புக்குள் புகுந்து, சோற்றுக்குள் புகுந்து, கடைசியில் என் பள்ளிக்கூட மேற்சட்டைக்குள்ளும் புகுந்துவிடும். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்த சிக்னே என்ற டெனிஷ் பிள்ளை ஒருநாள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, உங்கள் வீட்டில் நகப்பூச்சுத் தொழிற்சாலை நடத்துகிறீர்களா என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிச் சிரித்திருந்தால் அது அத்தோடு போயிருக்கும். நான் வீட்டுக்கு வந்து என் நல்ல உடுப்புகளையெல்லாம் ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் போட்டு இறுகக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தேன். வெட்கப்படுவதில் எனக்கு அந்த வயதிலேயே நல்ல தேர்ச்சி இருந்தது.

கராஜுக்குள் நின்றது பழைய ஆங்கிலேயத் தயாரிப்பான ஒரு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர்தான் இருக்கலாம். கூரை கிடையாது, மழைக்கு இழுத்து மூட ஒரு துணி மூடி இருந்ததாம், அதை எலி தின்றுவிட்டது. ஊருக்கு வெளியே ஒரு விவசாயியின் கொட்டகையில், வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் பல வருடங்களாகக் கிடந்ததை அப்பா கண்டுபிடித்து, தொழிற்சாலைச் சிநேகிதர் ஒருவரின் இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கதவுகளின் அடிப்பாகம் தொட்டால் பப்படம்போல உதிர்ந்தது. அதைக் கண்ட அம்மா வாசலிலேயே நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “இதென்ன, பாதிக் காரோ? மிச்சப் பாதி எப்ப வரும்?” என்று கேட்டார். அப்பா சிரித்த சிரிப்பில் ஒரு பவுசு இருந்தது.

அப்பாவுக்கு ஏன் இந்த வேலை என்று ஊரில் உள்ள தமிழ்ச் சனம் எல்லாம் கேட்டது. எங்கள் சனம் கார் வாங்கினால் ஏழு பேர் ஏறக்கூடியதாகப் பார்த்து வாங்கும். பிறந்தநாள் வீட்டுக்கு இரண்டு குடும்பமாகப் போக வேண்டும், திரும்பும்போது சாப்பாட்டுச் சட்டிகளும் வர வேண்டும். இரண்டு பேர் மட்டும் ஏறுகிற காரை, அதுவும் உடைந்துபோன காரை, ஒரு மனிதன் எதற்காக வாங்குவான் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. காரணம் எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். அப்பா டென்மார்க்குக்கு வந்த முதலாவது வருடம், ஒரு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, வேலை முடிந்து பஸ் தரிப்பில் நின்றபோது, கூரையில்லாத கார் ஒன்று அவரைக் கடந்து போயிருக்கிறது. அதில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு சின்னப் பெண் நிமிர்ந்து இருந்தாளாம், ஓட்டியவர் அவளுடைய தகப்பனாம், தெருவில் நின்ற முன்பின் தெரியாதவர்கள்கூடக் கைகாட்டினார்களாம். கலியாணமாக்கும், இந்த நாட்டில் இவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்கும் கட்டிக்கொடுக்கிறார்கள் என்று அப்பா பயந்துபோய் அடுத்தநாள் தொழிற்சாலையில் விசாரித்தார். அது கலியாணமல்ல, ‘கொன்ஃபிர்மேஷன்’, பதினான்கு வயதில் பிள்ளைகள் தேவாலயத்தில் தங்கள் விசுவாசத்தை உறுதிசெய்கிற நாள், அன்று பிள்ளையை அழகான காரில் ஏற்றிக்கொண்டு போவது இங்கத்தைய வழக்கம் என்று சொன்னார்கள். அப்போது நான் பிறக்கவில்லை. அம்மாகூட இங்கே வந்து சேரவில்லை. அந்தப் பஸ் தரிப்பிலேயே அப்பா தனக்கு ஒரு பெண் பிள்ளை பிறக்கும் என்றும், அவளை ஒருநாள் அப்படிக் கூட்டிக்கொண்டு போவேன் என்றும் தீர்மானித்துவிட்டார்.

இதை அவர் எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தரமும் முடிவில், “ஆரெண்டே தெரியாத சனம், பிள்ளை. கைகாட்டினது,” என்பார். அகதி முகாமிலிருந்து வெளியே வந்து ஒரு வருடம்கூட ஆகாத மனிதனுக்கு அந்தக் கைகாட்டல் என்னவாகத் தெரிந்திருக்கும் என்பது எனக்கு இப்போது விளங்குகிறது. அப்போது கொட்டாவி விட்டேன்.

எங்கள் வீட்டில் விசுவாசம் இரண்டு வகை. அப்பா யாழ்ப்பாணத்தில் பழைய சபையொன்றில் வளர்ந்தவர். அவருக்குப் பாட்டுப் புத்தகம், எழுதிவைத்த ஜெபம், மெல்லிய குரல். அம்மா இங்கே வந்தபின் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்தவர். அவருக்குக் கைதட்டல், கண்ணீர், எண்ணெய். போதகர் ஜெபித்துக் கொடுத்த ஒலிவ எண்ணெய் ஒரு சின்னப் போத்தலில் குளிர்சாதனப் பெட்டியின் மேல் எப்போதும் இருக்கும். அம்மா அதைப் பெருவிரலில் தொட்டுச் சிலுவை போடாத பொருள் எங்கள் வீட்டில் இல்லை. வீடு வாங்கியபோது வாசல் நிலையில் போட்டார். எனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில், சோதனை நாளில் என் புத்தகப் பையில், அவருடைய தையல் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு என்ற கதை வந்தபோது அவர் இருந்து தைத்த மெசினில். அப்பா இதையெல்லாம் பார்த்து, “உம்மடை ஆண்டவருக்கு எண்ணெய்ச் செலவு கூட,” என்று பகிடி பண்ணுவார். அம்மா முறைப்பார். சண்டை அதற்குமேல் போனதில்லை.

அப்பாவின் தொழிலே பெயின்ற் அடிப்பதுதான். விவசாய இயந்திரங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் நாள் முழுவதும் முகமூடி போட்டுக்கொண்டு, கொக்கியில் தொங்கி வருகிற இரும்புத் துண்டுகளுக்கு ஒரே நிறத்தை அடித்துக்கொண்டிருப்பார். வீட்டுக் கராஜில் அவர் செய்தது வேறு வேலை. பழைய பெயின்ற்றைச் சுரண்டி எடுத்து, துருவை வெட்டி எறிந்து, புதுத் தகடு ஒட்டவைத்து, பள்ளத்தை நிரப்பி, தேய்த்து, விரலால் தடவிப் பார்த்து, திருப்தி இல்லாமல் மறுபடி தேய்த்து, இப்படியே மூன்று குளிர்காலம். தடவும்போது கண்ணை மூடிக்கொள்வார். கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது என்பது அவர் சித்தாந்தம். இன்னொன்றும் சொல்வார்: “பெயின்ற் பொய் சொல்லாது, பிள்ளை. அடியிலை என்ன கிடக்குதோ அதைத்தான் மேலை காட்டும்.”

இந்த வேலையில் எனக்கு ஒரு பதவி இருந்தது. வாங்கி வருகிற ஒவ்வொரு தகரப்பேணியோடும் டெனிஷ் மொழியில் பொடி எழுத்தில் ஒரு தாள் வரும். அப்பாவின் டெனிஷ் தொழிற்சாலை டெனிஷ். பேசுவார், பகிடி விடுவார், வாசிக்கமாட்டார். ஆகவே குசினி மேசையில் இருந்துகொண்டு அந்தத் தாள்களை வாசித்துத் தமிழில் சொல்வது என் வேலை. பெரும்பாலும் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் சொல்வேன். அடிப்பூச்சான பிரைமர் காய எவ்வளவு நேரம், கடினமாக்கும் திரவம் எத்தனை பங்கு, எந்தக் குளிருக்குக் கீழே அடிக்கக்கூடாது என்று வாசித்துக்கொண்டே போனபோது, ஒரு இடத்தில் தடித்த எழுத்தில் இருந்தது: பூசப்படும் பரப்பில் எண்ணெய், கொழுப்பு, மெழுகு எதுவும் துளியும் இருக்கக்கூடாது. அதை நான் வாசித்ததும் அப்பா தலையை ஆட்டி, அது தனக்குத் தாள் இல்லாமலே தெரியும் என்றார். தொழிற்சாலையில் ஒருவன் உருளைக்கிழங்குப் பொரியல் தின்ற கையால் தகட்டைத் தொட்டுவிட்டு, பெயின்ற் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகி வட்டம் வட்டமாக வாயைத் திறந்த கதையைச் சொன்னார். அதற்குப் பெயர் ‘மீன்கண்’. நான் அந்தத் தாளை வாசித்ததையும் அவர் அந்தக் கதையைச் சொன்னதையும் இங்கே இவ்வளவு விபரமாகச் சொல்வதற்குக் காரணம், எனக்குத் தெரியாது என்று நான் பின்னால் ஒருநாளும் சொல்ல முடியாது என்பதற்காகத்தான்.

எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்த நேரத்தில் நிறத்தில் வந்தது பிரச்சினை. தொழிற்சாலையில் பெயின்ற் மாற்றினார்கள். மிஞ்சிய பழைய பேணிகளை, நல்ல தரமான பெயின்ற், எடுத்துக்கொண்டு போ என்று மேற்பார்வையாளர் அப்பாவிடம் கொடுத்துவிட்டார். அப்பா நாலு பேணிகளைக் கட்டியணைத்தபடி வந்து இறங்கினார். மூடியைத் திறந்தால் உள்ளே பச்சை. எங்கள் யூட்லாந்துப் பகுதியில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் அந்தப் பச்சையைத் தெரியும். வசந்தகாலத்தில் வயல்வழியே போகும்போது காரின் கண்ணாடியை அவசரமாகப் பூட்டவைக்கிற ‘கில்லெவோன்’, அதாவது மாட்டுச்சாணக் கரைசலை வயலுக்கு இறைக்கிற அந்தப் பெரிய தாங்கி இருக்கிறதே, அதன் பச்சை. அப்பா வருடக்கணக்காக அடித்துவந்தது அதற்குத்தான். என் கொன்ஃபிர்மேஷனன்று, இரவல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு, சாணித் தாங்கியின் நிறத்தில் ஒரு காரில், முழு வகுப்பும் பார்த்துக்கொண்டிருக்க நான் தேவாலயத்தில் போய் இறங்கப்போகிறேன். “வேறை நிறம் இல்லையோ?” என்று கேட்டேன். அப்பா பேணியைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்து, “இதைவிட வடிவான பச்சை இந்த நாட்டிலை இல்லை,” என்றார். உண்மையாகவே நம்பிச் சொன்னார். அவரோடு வாதாடுவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. வாதாடியிருக்கலாம். அழுதிருந்தால்கூட அவர் அடுத்தநாளே வேறு நிறம் வாங்கியிருப்பார். நான் சிக்னேயிடம் போனேன். அவளுடைய மாமாவிடம் வெள்ளை நிறத்தில், திறந்த, பளபளக்கும் ஒரு கார் இருந்தது. எனக்கும் அதில் ஒரு இடம் இருக்கிறது என்று அவள் சொன்னாள். அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, கொஞ்சம் சூடான, காற்றில்லாத நாளாகப் பார்த்து அப்பா பெயின்ற் அடிக்க ஆயத்தமானார். கராஜின் உட்புறம் முழுக்கப் பிளாஸ்ரிக் விரிப்பால் கூடாரம் கட்டி, தூசி எழும்பாமல் நிலத்துக்குத் தண்ணீர் தெளித்து, கார் முழுவதையும் கொழுப்பு நீக்கும் திரவத்தால் துடைத்து முடித்தார். பெயின்ற்றைக் காற்றோடு பீய்ச்சுவதற்கான கொம்பிரசரை இரவல் தருவதாகச் சொன்ன சிநேகிதரின் வீடு நகரின் மறுபக்கத்தில் இருந்தது. அப்பா என்னைக் கூப்பிட்டுக் கராஜ் கதவடியில் ஒரு கதிரையைப் போட்டு இருத்தினார். “நான் போய்க் கொம்பிரசரை எடுத்துக்கொண்டு வாறன். அரை மணித்தியாலம். ஒருத்தரையும் உள்ளுக்கை விடாதை. நீயும் தொடாதை.”

அவர் போய்ப் பத்து நிமிடத்தில் அம்மா வந்தார். வேலையால் வந்த உடுப்போடு, கையில் அந்தச் சின்னப் போத்தல். அம்மாவுக்கு அந்தக் காரைப் பற்றி இருந்த பயம் எனக்குத் தெரியும். கூரை இல்லாத ஒன்றில் பிள்ளையை ஏற்றிப் பெருந்தெருவில் கொண்டுபோவதை நினைத்து அவர் வாரக்கணக்காக உபவாசம் இருந்தார். “கூரையில்லாத காரிலை என்ரை பிள்ளையை ஏத்தப்போறார். ஆண்டவர்தான் கூரையா இருக்கவேணும்,” என்று என்னைப் பார்த்தும் பார்க்காமலும் சொன்னார். பிளாஸ்ரிக் விரிப்பை விலக்கியவர் உடனே உள்ளே போய்விடவில்லை. பிரைமர் அடித்த அந்தச் சாம்பல் நிறப் பரப்பைப் பார்த்துத் தயங்கி நின்றார். பிறகு, தாள்களையெல்லாம் வாசிக்கிறவள் நான் என்பதால், என்னிடம் கேட்டார்.

“இதிலை எண்ணெய் பூசலாந்தானே, பிள்ளை? ஒண்டும் செய்யாதே?”

நான் “ஓம்” என்றேன்.

யோசிக்காமல் சொன்னேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. யோசித்துத்தான் சொன்னேன். அந்தத் தடித்த எழுத்து அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. மீன்கண் கதையும் வந்தது. கார் பழுதானால் மே மாதத்துக்கு முன் ஆயத்தமாகாது, ஆயத்தமாகாவிட்டால் நான் சிக்னேயோடு போகலாம், அப்பாவிடம் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. இவ்வளவும் அந்த ஒரு ‘ஓம்’ சொல்கிற நேரத்துக்குள் எனக்குள் ஓடி முடிந்துவிட்டது. அம்மா உள்ளே போனார். எஞ்சினுக்கு மேலான முன் மூடியில் ஒன்று, இரண்டு கதவுகளிலும் ஒவ்வொன்று, பின் மூடியில் ஒன்று. ஒவ்வொரு சிலுவையையும் போட்டு அதன்மேல் கையை விரித்து, என் பெயரைச் சொல்லி ஜெபித்தார். வெளியே வரும்போது, “அப்பாவுக்குச் சொல்லாதை. பகிடி பண்ணுவார்,” என்று சொல்லி, மிச்ச எண்ணெயை என் நெற்றியில் தடவிவிட்டுப் போனார்.

அப்பா திரும்பி வந்து அவசரமாக முகமூடியைப் போட்டுக்கொண்டு, தூசி துடைக்கும் துணியால் மேலோட்டமாக ஒரு தடவை தடவி, வேலையைத் தொடங்கினார். கொம்பிரசரின் இரைச்சல் வீடு முழுக்க அதிர்ந்தது. நான் குசினிக் கதவின் கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தேன். பிளாஸ்ரிக்குக்குப் பின்னால் அவருடைய நிழல் பக்கவாட்டில் போய்வந்தது. ஒரு கட்டத்தில் இரைச்சல் நின்றது, கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டது, மறுபடி நின்றது. பிறகு அப்பா அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மிகக் குறைவு.

நாங்கள் இருவரும் போனோம். ஈரப் பச்சை மின்னிக்கொண்டிருந்தது. முன் மூடியின் நடுவில் பெயின்ற் சின்னச் சின்ன வட்டங்களாக விலகி, வட்டங்கள் ஒன்றோடொன்று தொட்டு, பெருவிரல் அகலத்தில் தெட்டத்தெளிவாக ஒரு சிலுவை எழும்பியிருந்தது. கதவுகளிலும் அப்படியே, பின்னாலும் அப்படியே. அப்பா ஏற்கெனவே ஒன்றைத் துடைத்துவிட்டு மறுபடி அடித்துப் பார்த்திருக்கிறார். அது முன்னையைவிடப் பெரிதாக வாயைத் திறந்திருந்தது. முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மூக்கின் இருபுறமும் அதன் அழுத்தம் பதிந்து சிவந்திருந்தது.

“உம்மடை எண்ணெயாலை என்ரை மூண்டு வருசமும் போச்சு,” என்றார் அம்மாவிடம். கத்தவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, “உன்னைக் காவலுக்கு விட்டிட்டெல்லோ போனனான். நீ எங்கை போனனீ?” என்று கேட்டார்.

“சிக்னே வீட்டை போயிட்டன்,” என்றேன். “கொஞ்ச நேரம்.”

சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டு பெரிய குற்றத்தை மறைக்கிற இந்தக் கெட்டித்தனம் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. ஒருவரும் சொல்லித் தரவில்லை. அம்மா எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். நான் கதிரையைவிட்டு அசையவில்லை என்பதும், ‘ஓம்’ என்று சொன்னது நான்தான் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அப்பாவிடம், “எனக்குத் தெரியாமப் போச்சு. பிள்ளை இல்லாத நேரம் பாத்துத்தான் நான் போனனான்,” என்றார். பொய்யே சொல்லாத என் அம்மா, எண்ணெய் இன்னும் காயாத கையோடு, எனக்காக ஒரு பொய் சொன்னார். சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்ச் சோறு வடித்தார்.

அதற்குப் பிறகு சில நாட்கள் அப்பா அம்மாவோடு பேசவில்லை. ஒரே மேசையில் இருந்துகொண்டு, “கொம்மாவைக் கேள், நாளைக்கு எத்தினை மணிக்கு வேலையெண்டு,” என்பார் என்னிடம். அம்மாவும், “ஆறு மணிக்கெண்டு சொல்லு,” என்பார். தாள்களை மொழிபெயர்த்தவள் இப்போது தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு நெஞ்சு குறுகுறுத்ததைவிட, மாட்டிக்கொள்ளவில்லை என்ற நிம்மதிதான் முதலில் இருந்தது. அதைச் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது. பிறகு ஒருநாள் பின்னேரம் அப்பா, “தேத்தண்ணி இருக்கோ?” என்று நேரே அம்மாவைக் கேட்டார். சண்டை முடிந்தது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

மறுபடி முழுவதும் சுரண்டி அடிக்க அந்தப் பச்சை மிச்சம் இருக்கவில்லை, நாளும் இருக்கவில்லை. என் கணக்கு இந்த இடத்தில்தான் பிழையாகிப்போனது. அப்பா காரைக் கைவிட்டுவிடுவார் என்று நினைத்திருந்தேன். அவர் சிலுவைகளை அப்படியே விட்டுவிட்டு, சுற்றியிருந்த இடத்தைக் கண்ணாடிபோல மினுக்கி, விளக்குகளைப் பூட்டி, ஆசனங்களுக்குப் புதுத்தோல் போட்டு, வாகனப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்ச் சித்தியடைய வைத்து, ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னரே ஆயத்தமாக நிறுத்திவிட்டார். அப்போதுதான் நான் சொன்னேன், அதுவும் டெனிஷில் சொன்னேன். கஷ்டமான விஷயங்களை அப்பாவுக்கு நான் டெனிஷில்தான் சொல்வேன். எங்கள் வகுப்பில் எல்லோரும் சிநேகிதிகளோடு சோடி சோடியாகத்தான் போகிறார்கள், சிக்னே என்னைத் தன் மாமாவின் காரில் கேட்டிருக்கிறாள் என்றேன். அது அப்பாவுக்கு நான் சொன்ன இரண்டாவது பொய். அப்பா காரின் கைபிடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே, “ஓம், ஓம். சிநேகிதப் பிள்ளையோடை போறதுதானே நல்லது,” என்றார். துணியை மடித்தார், விரித்தார், மறுபடி அதே கைபிடியைத் துடைத்தார்.

மே மாதத்து அந்த ஞாயிறு நல்ல வெயில். நான் வெள்ளைக் காரில் போனேன், தெருவில் சனம் கைகாட்டியது, நானும் காட்டினேன். தேவாலய வாசலில் இறங்கிச் சிறிது நேரத்தில் பின்னால் ஒரு உறுமல் கேட்டது. அப்பா அந்தப் பச்சைக் காரில் வந்தார். பக்கத்தில், எனக்கென்று மூன்று வருடம் காத்திருந்த ஆசனத்தில், பட்டுச்சேலைக்கு மேல் கம்பளிக் கோட்டும் தலையில் இறுகக் கட்டிய துணியுமாக அம்மா. இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய ஜெபித்தபடி வந்து சேர்ந்தார். சனம் காரைச் சூழ்ந்துவிட்டது. எங்கள் வகுப்புப் பெடியன் ஒருவன், நான் பயந்தபடியே, “கில்லெவோன்” என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரிலும் பலமாகச் சிரித்தவர் அப்பாதான். அதே பெயின்ற்தான், அதற்கும் அடிக்கிறவன் நான்தான், நாற்றம் மட்டும் இதில் இல்லை என்று தன் தொழிற்சாலை டெனிஷில் சொல்லி, அந்தப் பெடியனையே பிடித்து ஓட்டுநர் ஆசனத்தில் இருத்தினார். வயதான டெனிஷ்காரர்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள். எங்களுக்குப் பாடம் சொல்லித்தந்த பெண் போதகர் அங்கியோடு வெளியே வந்து, முன் மூடியில் இருந்த சிலுவையைக் கண்டு, இது எப்படி என்று கேட்டார். அப்பா அம்மாவின் தோளில் கைவைத்து, காருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது இவர்தான் என்றார். அம்மாவுக்கு அது பாதிதான் விளங்கியது, வெட்கத்தோடு சிரித்தார். பிறகு கூட்டத்துக்கு மேலால் தலையை நீட்டி, நான் எங்கே நிற்கிறேன் என்று தேடினார். நான் வெள்ளைக் காருக்கு அந்தப் பக்கம் நின்று என் வெள்ளைச் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விருந்து முடிந்தபின் அப்பா, “ஒரு சுத்து வாறியோ?” என்று கேட்டார். தலை குலைந்துவிடும் என்றேன். அந்தக் காரில் நான் ஒருநாளும் போனதில்லை. கோடை ஞாயிறுகளில் ஆராதனை முடிந்து அம்மாதான் போவார். கதவைப் பிடிக்காமலே போகப் பழகி, பிறகு தலைத்துணியும் கட்டாமல் போகப் பழகி, கடைசியில் ஏரிக்கரைக்குச் சோற்றுப் பொதியும் தேத்தண்ணிப் போத்தலுமாகப் போய்வருகிற அளவுக்கு வந்துவிட்டார். நான் படிக்கவென்று கோப்பன்ஹேகனுக்குப் போனேன், அங்கேயே ஆஸ்பத்திரியில் வேலையாகி நின்றுவிட்டேன். அம்மாவுக்கு உடம்புக்கு வருத்தம் வந்து, அந்தத் தாழ்ந்த ஆசனத்தில் இறங்கி ஏற முடியாமல் போனபோது அப்பா காரை விபோர்க் நகரில் ஒருவருக்கு விற்றார். அம்மா போய் இப்போது நாலு குளிர்காலம்.

சென்ற கோடையில் விபோர்க்கில் பழைய கார்கள் கூடுகிற நாள் ஒன்றுக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே அது நின்றது. அப்பாதான் அடையாளம் கண்டார். எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் கார் கடும் நீலமாகியிருந்தது. நான் முன் மூடியின் நடுவில், அந்த இடத்தில், பெருவிரலை வைத்துக் கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கண்ணாடிபோல வழுக்கியது. உரிமையாளர் பக்கத்தில் வந்து, மிகவும் மரியாதையாக, தொடாமல் பாருங்கள், விரலில் எண்ணெய் இருக்கும் என்றார். அப்பா சிரித்துவிட்டு, தான் யார் என்று சொல்லி, மனைவி எண்ணெய் பூசிய கதையைச் சொன்னார். அவர் அதை எல்லோருக்கும் சொல்வார். அம்மாவின் அடக்க ஆராதனையிலும் சொன்னார். அந்த மனிதருக்கும் ஆச்சரியம். எத்தனை தரம் அடித்தாலும் அந்த நாலு இடமும் விலகிக்கொண்டே இருந்ததாம், வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டித்தான் அதைப் போக்க முடிந்ததாம்.

அவர் அப்பால் போனதும் அப்பா நீலத்தைப் பார்த்தபடி, “கொம்மா பாவம். எண்ணெய் கூடாதெண்டு ஒருத்தரும் அவவுக்குச் சொல்லேல்லை,” என்றார்.

“அம்மா என்னட்டைக் கேட்டவ, அப்பா,” என்றேன். “பூசலாமோ எண்டு கேட்டவ. நான் ஓம் எண்டு சொன்னனான். எனக்குத் தெரிஞ்சுதான் சொன்னனான்.”

சனம் எங்களைச் சுற்றி ஐஸ்கிரீமோடு போய்வந்தது. அப்பா நீலத்தை விட்டு என் பக்கம் திரும்பினார்.

“அப்ப நீ சிக்னே வீட்டை போகேல்லையோ?”

“இல்லை.”

“அது கொம்மாவுக்குத் தெரியும்.”

“ஓம்.”

அவர் என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன்; ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன். “சரி விடு, சின்னப்பிள்ளைதானே” என்று சொல்லிவிடுவாரோ என்றும் ஒரு நப்பாசை இருந்தது. அவர் இரண்டும் செய்யவில்லை. கையைத் தூக்கி, அந்த மனிதர் தொடவேண்டாம் என்று சொன்ன இடத்தில் தன் உள்ளங்கையை முழுதாக வைத்தார்.

“பதினொரு நாள், பிள்ளை,” என்றார். “பதினொரு நாள் நான் அவவோடை கதைக்கேல்லை.”

பச்சை போய்விட்டது, சிலுவைகள் போய்விட்டன, யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ அவரும் போய்விட்டார். மேலே ஓரிடத்தில் ‘சில நாட்கள்’ என்று நான் எழுதியிருப்பதை வாசித்திருப்பீர்கள். அது என் கணக்கு. அப்பாவிடம் இருந்த கணக்கு எனக்குச் சென்ற கோடையில்தான் தெரியும்.